ஓநாய் ஏன் மாறவில்லை? மேஜிக் அரீனாவில் உருமாறும் அட்டைகள்: கோளாறும் தீர்வும்

கடலூர், புதுச்சேரி பக்கம் மேஜிக் அரீனா என்ற இணையச் சீட்டு விளையாட்டை ஆடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று: "அட்டை மாறவே இல்லை, கேம்ல பக்." உருமாறும் அட்டைக்கு முன்முகம், பின்முகம் என இரண்டு முகம்; நிபந்தனை நிறைவேறினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். மாறாததற்குக் காரணம் பெரும்பாலும் பக் இல்லை. மாறாத அட்டையையே முறைத்துப் பார்ப்பதால்தான் காரணம் தெரிவதில்லை. பார்க்க வேண்டியது அதற்கு முந்தின டர்னை (ஒருவர் ஆடும் முறையை): யார் ஸ்பெல் (லேண்ட் அல்லாத அட்டை) போட்டார், எத்தனை போட்டார், யாருடைய டர்னில் போட்டார்.

உங்கள் திரையில் நடப்பது எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள். செலவில்லாத காரணங்கள் முதலில் வரும். வைல்டு கார்டு (வேண்டிய அட்டையாக மாற்றிக்கொள்ளும் சீட்டு) கரையும் தீர்வுகள் பிறகு.

## கோளாறு: ஸ்பெல் போடாமல் டர்னை விட்டேன், ஓநாய் மாறவில்லை

முதலில் அட்டையைப் பெரிதாக்கி எழுத்தைப் படியுங்கள். கணினியில் மவுஸை மேலே வைத்தால் போதும். கைப்பேசியில் அழுத்திப் பிடிக்க வேண்டும். "டேபௌண்ட்" என்ற சொல் இருக்கிறதா, இல்லையா? எல்லாம் அதைப் பொறுத்தது.

டேபௌண்ட் இருக்கிறது. 2021-இல் வந்த மிட்நைட் ஹன்ட் தொகுப்போடு அறிமுகமான ஓநாய் இது. இங்கே மாறுவது தனி அட்டை அல்ல, ஆட்டம் முழுவதற்குமான பொழுது. ஒவ்வொரு டர்னின் முதல் கட்டமான அன்டேப்பிலும் விளையாட்டு ஒரே ஒரு கணக்கைப் பார்க்கிறது: முந்தின டர்ன் யாருடையதோ, அவர் அந்த டர்னில் ஸ்பெல் எதுவும் போடவில்லை என்றால் பகல் இரவாகும். எதிராளி உங்கள் டர்னில் நான்கு ஸ்பெல் போட்டிருந்தாலும் கணக்கில் வராது.

மாறவில்லை என்றால் கீழ்க்கண்ட வரிசையில் சரிபாருங்கள்.

ஓநாயையே அந்த டர்னில்தான் இறக்கினீர்களா? அதுவும் ஒரு ஸ்பெல். இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். இறக்கின டர்னுக்கு அடுத்து இரவு ஆகாது; நீங்களோ எதிராளியோ தம் டர்னை முழுதாகச் சும்மா விட வேண்டும்.

நீங்கள் போட்ட ஸ்பெல்லை எதிராளி கவுன்டர் செய்துவிட்டாரா (பலிக்காமல் தடுத்துவிட்டாரா)? போட்டது போட்டதுதான். பலித்ததா என்று விளையாட்டு பார்ப்பதில்லை. மனா (ஸ்பெல்லுக்குக் கொடுக்கும் விலை) கொடுக்காமல் இலவசமாகப் போட்டதும், ஃபிளாஷ்பேக்கிலோ டிஸ்டர்பிலோ கல்லறையிலிருந்து போட்டதும் கணக்கில் வரும்.

கணக்கில் வராதவை: லேண்ட் (மனா தரும் நில அட்டை) இறக்குவது, களத்தில் இருக்கும் அட்டையின் திறனை மனா கொடுத்து இயக்குவது, சைக்ளிங் (கையிலுள்ள அட்டையை எறிந்து வேறொன்று எடுப்பது), ஃபோர்டெல் செய்து ஒதுக்கி வைப்பது, ஒரு ஸ்பெல்லுக்குப் படி எடுக்கும் அட்டைகள் உண்டாக்கும் நகல். இவற்றைத் தாராளமாகச் செய்துகொண்டே டர்னை "சும்மா" விடலாம். ஃபிளாஷ் உள்ள உயிரினத்தை எதிராளியின் டர்னில் இறக்குவது இன்னும் நல்லது. உங்கள் டர்ன் வெறுமையாகவே நிற்கும், மனாவும் வீணாகாது.

திரையில் சூரியன், நிலா அடையாளமே இல்லையா? அப்படியானால் ஆட்டத்தில் இன்னும் பொழுதே பிறக்கவில்லை. பகலும் இல்லை, இரவும் இல்லை என்ற நிலையில்தான் ஒவ்வொரு ஆட்டமும் தொடங்குகிறது. முதல் டேபௌண்ட் அட்டை களத்தில் வந்ததும் பகல் பிறக்கும். பிறந்த பிறகு அந்த ஓநாய் செத்தாலும் பொழுது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

டேபௌண்ட் இல்லை. பழைய எழுத்துள்ள ஓநாய். இந்த வகை 2011 செப்டம்பரில் இன்னிஸ்ட்ராட் தொகுப்போடு வந்தது. கடலூர்க்காரர் கணக்கில் சொன்னால் தானே புயல் அடித்த வருஷம். 2016-இன் ஷேடோஸ் ஓவர் இன்னிஸ்ட்ராட் ஓநாய்களுக்கும் இதே எழுத்துதான். டஸ்க்வாட்ச் ரிக்ரூட்டர் அதற்கு உதாரணம்.

இங்கே கணக்கு வேறு. முந்தின டர்னில் யாருமே ஸ்பெல் போட்டிருக்கக் கூடாது. நீங்கள் சும்மா விட்டிருந்தாலும் எதிராளி உங்கள் டர்ன் கடைசியில் ஒரு சின்ன இன்ஸ்டன்ட் (யாருடைய டர்னிலும் போடக்கூடிய ஸ்பெல்) போட்டால் கெட்டது கதை. இது அன்டேப் கட்டத்தில் நடப்பதில்லை, அதற்கு அடுத்த கட்டமான அப்கீப்பில் ஒரு தூண்டலாக (தானே எழும் திறனாக) ஸ்டாக்கில், அதாவது பலிக்கக் காத்திருக்கும் வரிசையில், ஏறும். அது பலிப்பதற்குள் எதிராளி ஓநாயைக் கொல்லலாம். ஆனால் அப்போது ஸ்பெல் போட்டு மாற்றத்தைத் தடுக்க முடியாது, ஏனென்றால் எண்ணப்படுவது முடிந்துபோன டர்ன்.

ஒரே டெக்கில் இரண்டு வகையையும் கலந்திருந்தால் ஒன்று மாறி மற்றது மாறாமல் நிற்பது சகஜம். பழுது அல்ல, சுவரில் இரண்டு கடிகாரம்.

## கோளாறு: இரவு வந்தது, அடுத்த டர்னிலேயே பகலாகிவிட்டது

நீங்கள் சும்மா விட்ட டர்னுக்கு அடுத்து வருவது எதிராளியின் டர்ன். அதில் அவர் இரண்டு ஸ்பெல் போட்டால் உங்கள் அன்டேப்பில் பகல். அதாவது ஒரு முழு டர்னைத் தியாகம் செய்து வாங்கின இரவு, அவருடைய இரண்டு மலிவு ஸ்பெல்லில் போய்விடுகிறது. ஒரு மனா ஸ்பெல் நிறைந்த டெக்குக்கு எதிராகச் சும்மா விடும் வித்தை பலிக்காது, முயலவே வேண்டாம்.

செலவில்லாத வழி: எதிராளியின் கையில் ஒரே அட்டை இருக்கும்போதோ, மனா தட்டுப்பாட்டில் திணறும்போதோ மட்டும் டர்னை விடுங்கள். அவரே ஸ்பெல் இல்லாமல் தவிக்கும்போது உங்கள் டர்னை விட வேண்டிய அவசியமும் இல்லை. அவருடைய வெறும் டர்னே இரவைக் கொண்டுவரும்.

நீங்களே கலைத்திருக்கவும் வாய்ப்புண்டு. இரவில் உங்கள் டர்னில் ஒரு ஸ்பெல்லோடு நிறுத்துங்கள். இரண்டாவதைப் போட்டால் பொழுது விடிந்துவிடும்.

செலவுள்ள வழி: தி செலெஸ்டஸ். மூன்று மனா ஆர்ட்டிஃபாக்ட், ரேர். டேப் செய்து (சாய்த்துப் பயன்படுத்தி) எந்த நிறத்திலும் ஒரு மனா தரும். அல்லது வேறு மூன்று மனாவோடு டேப் செய்தால் பகலை இரவாக்கும், இரவைப் பகலாக்கும். அதன் சொந்த மனாவை அதற்கே கொடுக்க முடியாது என்பதால் தனியாக மூன்று மனா வேண்டும். திறன் ஸ்பெல் அல்ல என்பதால் இரவாக்கின பிறகும் ஒரு ஸ்பெல் போட இடம் இருக்கிறது. நான்கு ரேர் வைல்டு கார்டையும் இதில் கொட்டாதீர்கள். இரண்டு போதும், இது லெஜண்டரி என்பதால் இரண்டாவது செலெஸ்டஸை இறக்கினால் இரண்டில் ஒன்று கல்லறைக்குப் போய்விடும்.

செலெஸ்டஸில் ஒரு பொறி உண்டு. ஸ்டார்ம்-சார்ஜ்டு ஸ்லாஷர் என்ற ஓநாய் இரவில் 3/4 (தாக்கும் பலம் 3, தாங்கும் பலம் 4). சண்டையில் 3 சேதம் வாங்கிப் பிழைத்திருக்கிறது என்று வையுங்கள். அதே டர்னில் செலெஸ்டஸைத் தட்டிப் பகலாக்கினால் அது 2/3 ரெக்லெஸ் ஸ்டார்ம்சீக்கராகும். சேதம் 3 அப்படியே ஒட்டியிருக்கும், செத்துவிடும். அன்டேப்பில் தானாக மாறும்போது இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் டர்ன் முடிவிலேயே சேதம் அழிந்துவிடுகிறது.

## கோளாறு: வேறு அட்டையால் உருமாற்றினேன், டேபௌண்ட் ஓநாய் அசையவில்லை

அசையாது. டேபௌண்ட் உள்ளது பொழுதுக்கு மட்டுமே கட்டுப்பட்டது. "உருமாற்று" என்று சொல்லும் மற்ற அட்டைகள் அதைத் தொடாது. அந்த அட்டைகளை டெக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வேறு தீர்வு இல்லை.

## கோளாறு: புரூட்டல் கேதாரை இறக்கினேன், எதிராளியின் உயிரினம் வெளியேறவில்லை

இறக்கின நேரம் இரவு. டேபௌண்ட் அட்டையை இரவில் போட்டால் அது பின்முகத்தோடுதான் களத்தில் நுழையும். முன்முகத்தில் எழுதியிருக்கும் "நுழையும்போது" என்ற திறன் அந்தச் சமயம் இல்லவே இல்லை. நீங்கள் மூன்று மனா கொடுத்து வாங்கியது மூன்ரேஜ் புரூட் என்ற 3/3 மட்டுமே.

கேதாரின் எழுத்தில் இன்னொரு வரியும் உண்டு: "புரூட்டல் கேதாராக உருமாறும்போதும்" எதிராளியின் ஓர் உயிரினத்தை வெளியேற்றும். எனவே இரவில் இறக்க வேண்டி வந்தால் அதே டர்னில் இன்னொரு ஸ்பெல்லும் போடுங்கள். இரண்டு ஸ்பெல் ஆனதால் எதிராளியின் அன்டேப்பில் பகலாகும், கேதார் முன்முகத்துக்கு வரும், அவருடைய அப்கீப்பில் இலக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி உங்களுக்குத் திரை எழும். அவர் அந்த டர்னில் தாக்குவதற்கு முன்பே அவருடைய பெரிய உயிரினம் போய்விடும். சில நேரம் பகலில் இறக்குவதைவிட இதுவே மேல்.

கேதார் மறுபடி இரவுக்குப் போனால், வெளியேற்றினது திரும்ப வராது. அது களத்தை விட்டுப் போனால்தான் வரும். இரண்டு மூன்று பொழுது மாறினால் அடியில் இரண்டு மூன்று உயிரினம் அடைந்து கிடக்கும்; கேதார் செத்த அன்றைக்கு அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பும். அதற்குள் ஆட்டத்தை முடிக்கப் பாருங்கள்.

## கோளாறு: டெல்வர் ஆஃப் சீக்ரெட்ஸ் பூச்சியாக மாறவே மாட்டேன் என்கிறது

உங்கள் அப்கீப்பில் டெக்கின் மேலட்டையைப் பார்க்கிறீர்கள். அது இன்ஸ்டன்ட் அல்லது சார்சரி (சொந்த டர்னில் மட்டும் போடும் ஸ்பெல்) என்றால் காட்டலாம். காட்டினால் 1/1 டெல்வர் 3/2 பறக்கும் பூச்சியாகும்.

காட்டச் சொல்லும் திரையைத் தவறவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். "காட்டலாம்" என்பது விருப்பம். வேண்டாம் என்று தட்டிவிட்டால் மாறாது.

மேலட்டை உண்மையில் இன்ஸ்டன்ட்தானா? அட்வெஞ்சர் அட்டைகள் இங்கேதான் ஏமாற்றும். அவற்றின் ஒரு பாதியில் இன்ஸ்டன்ட் என்று எழுதியிருக்கும், ஆனால் டெக்கில் இருக்கும்போது அவை வெறும் உயிரினம். டெல்வர் ஏற்காது. இருமுக அட்டையில் முன்முகம் இன்ஸ்டன்ட், பின்முகம் லேண்ட் என்றால் ஏற்கும், ஏனென்றால் டெக்கில் முன்முகம் மட்டுமே கணக்கு. லேண்டைக் குறைக்காமல் எண்ணிக்கையை ஏற்ற இதுவே நல்ல வழி.

அடுத்தது டெக்கின் கணக்கு. 60 அட்டையில் 24 இன்ஸ்டன்ட், சார்சரி இருந்தால் ஒரு அப்கீப்பில் வாய்ப்பு 40 விழுக்காடு. இரண்டு அப்கீப்பில் ஒருமுறையாவது மாற ஏறக்குறைய 64. எண்ணிக்கையை 28 ஆக்கினால் இரண்டு அப்கீப்பில் 72. 24-க்குக் கீழே இருந்தால் டெல்வரே வேண்டாம். வேறு ஒரு மனா உயிரினம் பாருங்கள்.

டைம்லெஸ் என்ற ஆட்ட வடிவத்தில் பிரெய்ன்ஸ்டார்ம் போடலாம். தூண்டல் ஸ்டாக்கில் இருக்கும்போது போட்டு, ஒரு இன்ஸ்டன்டை மேலே வைத்தால் மாற்றம் உறுதி. ஆனால் அரீனா உங்கள் சொந்தத் தூண்டலைத் தானாகவே முடித்துவிடும், உங்களுக்கு நேரம் தராது. கணினியில் டர்ன் வருவதற்கு முன்பே கன்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளைச் சேர்த்து அழுத்தி முழுக் கட்டுப்பாட்டைப் பூட்டுங்கள். வேலை முடிந்ததும் அதே விசைகளால் விடுவியுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் நின்று நின்று நேரம் தீரும். ஆப்ட் இந்த வேலைக்கு ஆகாது: மேலட்டையைச் சரிசெய்துவிட்டு அதையே கைக்கு எடுத்துவிடும், அடுத்தது என்னவென்று உங்களுக்கே தெரியாது.

## கோளாறு: திங் இன் தி ஐஸ் மாறியது, என் ஸ்பெல் வீணானது

நான்கு பனிக் கவுன்டரோடு (அட்டை மேல் வைக்கும் எண்ணிக்கைக் குறி) நுழையும் 0/4. நீங்கள் போடும் ஒவ்வொரு இன்ஸ்டன்ட், சார்சரிக்கும் ஒரு கவுன்டர் குறையும். கடைசிக் கவுன்டர் போனதும் 7/8 அவோக்கன் ஹாரராக மாறி, ஹாரர் அல்லாத எல்லா உயிரினங்களையும் உரியவர் கைக்கு அனுப்பும். எல்லா உயிரினங்களும் என்றால் உங்களுடையதும் சேர்த்துத்தான்.

ஸ்பெல் போட்ட உடனே இந்தத் தூண்டல் அதன் மேலே ஏறிக்கொள்ளும். ஸ்பெல் பலிப்பதற்கு முன்பே மாற்றம் நடந்துவிடும். நான்காவது ஸ்பெல்லாக எதிராளியின் உயிரினத்தைக் கொல்லும் அட்டையைப் போட்டால் இலக்கு ஏற்கெனவே கைக்குப் போயிருக்கும், உங்கள் ஸ்பெல் காற்றில் போகும். நான்காவதாக அட்டை எடுக்கும் ஸ்பெல்லை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மற்ற உயிரினங்களை மாற்றத்துக்குப் பிறகு இறக்குங்கள்.

முதல் மெயின் கட்டத்திலேயே மாற்றினால் அதே டர்னில் தாக்கலாம், முந்தின டர்னிலிருந்தே உங்கள் களத்தில் இருந்திருந்தால்.

## கோளாறு: மாறின பிறகு தாக்க முடியவில்லை, கவுன்டர்களும் காணோம்

இதுவும் அதே "மாற்றம்"தானே என்று எண்ணுவதால் வரும் குழப்பம். அட்டையின் எழுத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்.

"உருமாற்று" என்று மட்டும் இருந்தால் அட்டை களத்தை விட்டு நகரவில்லை. கவுன்டர், ஆரா, எக்விப்மென்ட், டேப் நிலை, சேதம் எல்லாம் அப்படியே. புதிதாக நுழைந்ததாகவும் கருதப்படாது.

"எக்ஸைல் செய்து (களத்தை விட்டு வெளியேற்றி), உருமாறின நிலையில் திரும்பக் கொண்டுவா" என்று இருந்தால் அது புதுப் பொருள். ஒட்டியிருந்த எல்லாம் போகும், அந்த டர்னில் தாக்கவோ டேப் செய்யவோ முடியாது. 2022-இல் வந்த ஃபேபிள் ஆஃப் தி மிரர்-பிரேக்கர் மூன்றாம் அத்தியாயத்தில் இப்படித்தான் திரும்புகிறது. பின்முகத்தின் படியெடுக்கும் திறனுக்கு டேப் தேவை என்பதால் அடுத்த டர்ன் வரை காத்திருக்க வேண்டும். 2015-இன் ஜேஸ், வ்ரின்ஸ் பிராடிஜியும் இதே வகை.

ஹார்த்ஸ்டோனிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சொல். அங்கே பாலிமார்ஃப் பட்டு ஆடாகிவிட்டால் பழைய உயிரினம் அழிந்தது, கைக்குத் திரும்பினாலும் ஆடுதான். மேஜிக்கில் பின்முகத்தில் நிற்கும் அட்டை கைக்குப் போனால் எப்போதும் முன்முகம்தான்.

## கோளாறு: காப்பி எடுத்தேன், காப்பி மாறவில்லை

டோக்கன் காப்பியா, அட்டைக் காப்பியா? 2023-இல் மார்ச் ஆஃப் தி மெஷின் வந்தபோது விதி மாறியது. உருமாறும் அட்டையின் காப்பியாக உண்டாகும் டோக்கனுக்கும் இப்போது இரண்டு முகம் உண்டு, அது மாறும். அதற்கு முந்தின விளக்கங்களை எங்காவது படித்துவிட்டு வாதாட வேண்டாம். ஆனால் குளோன் போன்ற ஒருமுக அட்டை ஓநாயின் வேஷம் போட்டால் அதற்குப் பின்புறம் எதுவும் இல்லை, மாறாது. ஒருமுக அட்டையை எக்ஸைல் செய்து "உருமாறித் திரும்பு" என்று சொன்னால் அது எக்ஸைலிலேயே தங்கிவிடும்.

## கோளாறு: ஒரு மனா அட்டையில் என் 7/8 செத்தது

ஃபேட்டல் புஷ். பின்முகத்தின் மூலையில் விலை அச்சாகவில்லை என்றாலும் அதன் மனா மதிப்பு முன்முகத்துடையதே. அவோக்கன் ஹாரரின் மதிப்பு 2, டெல்வர் பூச்சியின் மதிப்பு 1. இரண்டையும் புஷ் கொல்லும்.

## கோளாறு: படம் மாறவில்லை, அல்லது திரை உறைந்துவிட்டது

முதலில் அட்டையின் தாக்கும் எண்ணைப் பாருங்கள். எண் மாறி, படம் மட்டும் பழையதாக இருந்தால் விளையாட்டு சரியாக ஓடுகிறது, வரைவதில்தான் சுணக்கம். எண்ணை நம்பி ஆடுங்கள்.

எண்ணும் மாறவில்லை, எதைத் தட்டினாலும் அசையவில்லை என்றால் இணைப்பு. ஆட்டத்தின் நிலை சர்வரில் இருக்கிறது. அரீனாவை முழுதாக மூடித் திறந்தால் அதே ஆட்டத்துக்குத் திரும்புவீர்கள். உங்கள் நேரக் கயிறு மட்டும் எரிந்துகொண்டிருக்கும், தாமதிக்காதீர்கள்.

கடலூரில் மின்சாரம் போகும்போது கணினி இன்வெர்ட்டரில் நிற்கும், வைஃபை ரவுட்டர் அணைந்துவிடும். ரவுட்டரையும் இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள், அல்லது ரவுட்டருக்கென விற்கும் சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். அதுவரை கைப்பேசி ஹாட்ஸ்பாட்டைக் கணினியில் ஒருமுறை இணைத்துச் சேமித்து வையுங்கள், ஆட்டத்தின் நடுவே கடவுச்சொல் தேட நேரம் இராது. மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் ஜெம் (அரீனாவின் நாணயம்) கட்டி டிராஃப்ட் போட்டியில் நுழையாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்ததை நினைத்துக்கொண்டால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கடலூர்–புதுச்சேரி பேருந்தில் ஆடுவதானாலும் கட்டணமில்லாத ஆட்டமே நல்லது.

## எப்போது ஆதரவுக் குழுவிடம் போக வேண்டும்

மேலே சொன்ன சோதனைகள் முடிந்து, முந்தின டர்னின் ஸ்பெல் கணக்கை எழுதிப் பார்த்து, அட்டையின் எழுத்தையும் சொல்லுக்குச் சொல் படித்த பிறகும் விளையாட்டு வேறு மாதிரி நடந்தால் அது உண்மையான பிழையாக இருக்கலாம். அப்போது:

ஆட்டம் நடக்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பொழுதின் அடையாளம், ஸ்டாக், இரு பக்கக் களமும் தெரிய வேண்டும்.

விருப்பங்களில் கணக்குப் பகுதிக்குப் போய் விரிவான லாக் பதிவை முன்கூட்டியே இயக்கி வையுங்கள். பிழை வந்த பிறகு இயக்கிப் பயனில்லை.

விண்டோஸ் கணினியில் ஆப்டேட்டா கோப்புறைக்குள் "லோக்கல்லோ" (LocalLow), அதற்குள் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், அதற்குள் எம்டிஜிஏ என்று போனால் "பிளேயர்" என்ற லாக் கோப்பு இருக்கும். உடனே நகலெடுங்கள். அரீனாவை ஒருமுறை திறந்தால் பழையது "பிளேயர்-பிரெவ்" என்று பெயர் மாறும். இரண்டாவது முறை திறந்தால் போயே போச்சு.

முறையீட்டில் அட்டைகளின் பெயர், வடிவம், நடந்த தேதி, நேரம் எழுதுங்கள். இந்திய நேரம் என்று குறிப்பிடாவிட்டால் அவர்கள் வேறு ஆட்டத்தைத் தேடுவார்கள். "எனக்கு அநியாயம் நடந்தது" என்ற வரிக்குப் பதிலாக "முந்தின டர்னில் எதிராளி 0 ஸ்பெல், நான் அவர் டர்னில் 1 ஸ்பெல், பகல் இரவாகவில்லை" என்று எழுதுங்கள். கோல்டோ ஜெம்மோ கட்டி நுழைந்த ஆட்டமானால் நுழைவுக் கட்டணத்தைத் திரும்பக் கேட்டு அதே முறையீட்டில் ஒரு வரி சேருங்கள்.